மச்சானோட அரை மணி நேரம்

அதைத்தான் டீச்சர் நானும் சொல்றேன், ஆடுது ஆடுதுன்னா நான் என்ன பண்ணட்டும்? பல்லு ஆடினா என்னைக் கேளுங்க. பல்செட்டு ஆடினா என்னைக் கேக்கக் கூடாது. பல் டாக்டர் வேலை வேற, செட்டு செய்யறவர் வேலை வேற... இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. மூணாவது தடவையா வந்திருக்கீங்க, உங்களுக்கு இல்லாத கோவமா எனக்கு? சாஞ்சுக்கங்க. செட்டக் கழட்டி அந்தக் கிண்ணத்துல போடுங்க. ம். வாயத் திறங்க. இன்னும் கொஞ்சம். கணக்குத் தப்பாப் போட்டவன அதட்டுவீங்கல்ல, அந்த அளவுக்கு.

ஆங்... அவ்வளவுதான். ட்ரேயில இருக்கறது அளவெடுக்கற மாவு, கொழகொழன்னு இருக்கும். மூணு நிமிஷத்துல இறுகிடும், எடுத்துடுவேன். மூக்கால மூச்சு விடுங்க. பேசாதீங்க, பேசினா அளவு கெட்டுடும். நீங்கதான் பேசக் கூடாது, நான் பேசலாம். இந்தாங்க, இதைக் கையில வச்சுக்கங்க. மெழுகுதான். செட்டுக்கு ஈறு பிடிக்கற ரோஸ் மெழுகு. வெந்நீர்ல போட்டு எடுத்தது, சும்மா உருட்டிக்கிட்டே இருங்க. கைக்கு ஒரு வேலை இருந்தா குமட்டல் வராது. இது எங்க மச்சான் கண்டுபிடிச்ச வைத்தியம். என் பொண்டாட்டியோட அண்ணன். எந்தக் காலேஜுலயும் சொல்லித் தரல, ஆனா பலிக்குது பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல்.

அவரால வந்த வினைதான் டீச்சர் இதெல்லாம். உங்க செட்டு ஆடறதும் அவராலதான், என் வீட்டுல எனக்குச் சோத்தத் தட்டுல போட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம போறாங்களே, அதுவும் அவராலதான். "உப்பு வேணுமா?" அவ்வளவுதான் பேச்சு. வேணும்னா உப்பு வருது. வேணாம்னா அந்தப் பேச்சும் இல்ல. அதனால இப்பல்லாம் உப்பு சரியா இருந்தாலும் வேணும்னு சொல்லிடறது.

அந்தக் கதவு தெரியுதா? தலையத் திருப்பாதீங்க, கண்ண மட்டும் திருப்புங்க. பின்னாடி ரூம். எட்டுக்கு ஆறு இருக்கும். ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகு உருக்கற சட்டி. இருபத்திரண்டு வருஷம் அதுக்குள்ளதான் இருந்தாரு மனுஷன். கதவு முழுசாச் சாத்தாது, ஒரு விரக்கடை சந்து எப்பவும் இருக்கும். தச்சனக் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாம்னு நான் சொன்னா, "இருக்கட்டும் மாப்ள, காத்து வருது"ம்பாரு. காத்து. அந்தச் சந்து வழியா என்ன வந்துச்சுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

வேலையில குறை சொல்ல முடியாது. அவரு பண்ண செட்டப் போட்டுக்கிட்டு ஒருத்தர் சிரிச்சா, கூடப் பொறந்தவங்களுக்கே கண்டுபிடிக்க வராது. கட்டின பல்லுன்னு தெரியக் கூடாதுன்னு வேணும்னே ஒரு பல்ல லேசாத் திருப்பி வைப்பாரு. "வரிசையா இருந்தா பொய் தெரிஞ்சிடும் மாப்ள." உங்க பழைய செட்டு அவரு பண்ணதுதான். ஒன்பது வருஷம் வந்துச்சா இல்லையா?... தலைய ஆட்டாதீங்க.

சாயங்காலம் அஞ்சரைக்கு வேலை முடிஞ்சிடும். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவாரு. நடுவுல ஒரு அரை மணி நேரம் உள்ள விளக்கு எரியும், ஒரு பாட்டு கேக்கும். பாட்டுன்னா, பாட்டில்ல. தொண்டைக்குள்ளயே ஏதோ ஒண்ணு, ஆரம்பமும் இல்லாம முடிவும் இல்லாம. சுத்தமாச் சுருதி கிடையாது. நான் பெஞ்சத் துடைக்கறாரு போலன்னு இருந்துட்டேன். எத்தனை வருஷம்? இருபது வருஷம். சொந்த மச்சான் பக்கத்து ரூம்ல அரை மணி நேரம் என்ன பண்றாருன்னு இருபது வருஷம் கேக்கத் தோணல டீச்சர் எனக்கு. அப்படியே தோணாம இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

ஒரு நாள் அச்சு வார்க்கற பிளாஸ்டர் தீந்து போச்சு. எடுக்கலாம்னு கதவத் தள்ளிட்டு உள்ள போறேன். மனுஷன் கட்டை விரல் உசரத்துக்கு ஒரு ஆள வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மிச்ச மெழுகுல செஞ்சது. ஒரு கையால கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில குடையோட, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளு. அன்னைக்குக் காலைல பல்வலின்னு வந்த போஸ்ட்மேன்! அதே முதுகு. வலிய வெளிய காட்டிக்கக் கூடாதுன்னு ஒரு விறைப்பு இருக்குமே, அது உள்பட. அந்தச் சந்து வழியாப் பாத்திருக்காரு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. எனக்கு அப்படி அடிக்கடி ஆகாது, நீங்களே பாக்கறீங்கல்ல.

அவரு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, தனக்குத்தானே ஒரு சிரிப்புச் சிரிச்சாரு, எடுத்துச் சட்டியில போட்டுட்டாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், போஸ்ட்மேன் குடையோட உருகறாரு. பதறிப் போய், "என்ன மச்சான் இப்படிப் பண்றீங்க?"ன்னேன். அவருக்கு நான் கேக்கறதே புரியல. "நாளைக்கு மெழுகு வேணும்ல மாப்ள."

தினமும் ஒண்ணாம் டீச்சர்! தினமும் செஞ்சு தினமும் உருக்கி. நீங்க கணக்கு டீச்சர், இருபது வருஷத்துக்கு எத்தனைன்னு நீங்களே போட்டுக்கங்க. உங்க பழைய செட்டுக்கு ஈறு பிடிச்ச மெழுகு முந்தின நாள் யாரோட மூக்கா இருந்துச்சோ.

சரி, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நல்லது பண்ணணும்னுதானே தோணும்? எனக்கும் தோணுச்சு. அதுதான் என் தலையெழுத்து, எனக்கு எப்பவும் நல்லது பண்ணணும்னே தோணும்.

முதல்ல ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டேன். கேட்டுத்தான் எடுத்தேன். "இத நான் வச்சுக்கவா?"ன்னு கேட்டேன், கேக்கறப்பவே பாக்கெட்டுல போட்டுட்டேன். அவரு என்ன சொல்ல முடியும், தங்கச்சி புருஷன். அது என்னையே செஞ்சது டீச்சர். நான் நிக்கறேன், நாற்காலில ஒரு நோயாளி சாஞ்சிருக்காரு. என்ன ஒண்ணு, நோயாளி வாய் மூடியிருக்கு, என் வாய் திறந்திருக்கு. ஏதோ கை தவறியிருக்கும் போல. மத்தபடி தத்ரூபம்.

வெளிய உக்காந்திருந்தப்ப கண்ணாடிப் பெட்டி பாத்திருப்பீங்களே. நான் வாங்கி வச்சதுதான். உள்ளயே லைட்டு வச்சது. ஒண்ணு மட்டும் இருந்தா பெட்டி வெறிச்சோடி இருக்கும்ல, அதனால இன்னும் பத்துப் பன்னெண்டு செய்யச் சொன்னேன். உருக்காதீங்க, மெழுகு நான் புதுசா வாங்கித் தர்றேன்னேன். செஞ்சாரு. எல்லாரும் ஏன் கன்னத்தப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க, பாக்கறவங்க பயப்பட மாட்டாங்களா, கொஞ்சம் சிரிக்கற மாதிரி செய்ங்க, பல்லுத் தெரியட்டும்னேன். அதையும் செஞ்சாரு. போய்ப் பாருங்க, பன்னெண்டு பேரும் ஒரே மாதிரி சிரிப்பாங்க. முப்பத்திரண்டு பல்லும் வரிசையா. அந்த லைட்டுச் சூட்டுக்குச் சாயங்காலம் ஆனா அத்தனை பேரும் தலையக் குனிஞ்சிடறாங்க. காலைல நான் வந்து ஒவ்வொரு கழுத்தா நிமித்தி விடணும். இதெல்லாம் வேற எந்த டாக்டராவது பண்ணுவாரா?

அந்தத் தொண்டைப் பாட்டு எப்ப நின்னுச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நிஜமாத் தெரியாது டீச்சர். ஃபேன் நின்னுட்டா ரொம்ப நேரம் கழிச்சுத்தானே வேர்க்குதுன்னே தெரியும்.

அப்புறம்தான் சங்கத்துக் கூட்டம் வந்துச்சு. பல் டாக்டர்கள் சங்கம். வருஷா வருஷம் கூடுவோம். மேடையில சொற்பொழிவு, பொன்னாடை, அதே போண்டா, அதே முகங்கள். ஏற்பாடு பேசறப்ப நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன், எங்க மச்சானக் கூட்டிட்டு வர்றேன், பத்தே நிமிஷத்துல சங்கத் தலைவர் முகத்த எல்லார் முன்னாடியும் மெழுகுல செஞ்சு காட்டுவாருன்னு. பலத்த கைதட்டல். அவருகிட்ட அதுக்கு அப்புறம்தான் சொன்னேன். அவரு ஸ்டூல்ல உக்காந்தபடியே, "வேணாமே மாப்ள"ன்னாரு. ஒரே ஒரு தடவை சொன்னாரு. இன்னொரு தடவை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்... விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன்.

புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துக் கூட்டிட்டுப் போனேன். மேடையில மேஜை, மேஜை மேல விளக்கு, அவரு கை பெரிய திரையில தெரியற மாதிரி கேமரா வேற. யோசிச்சுப் பாருங்க, நகம் ஒண்ணொண்ணும் நாற்காலி அளவு. எதிர்ல தலைவரு ஒரு பக்கமாத் திரும்பி, நாடிய லேசாத் தூக்கி உக்காந்திருக்காரு. நான் மைக்கப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா விளக்கறேன். "இப்ப மெழுகைச் சூடு பண்றார். இப்ப யோசிக்கிறார்." ரெண்டு நிமிஷம் யோசிச்சாரு. நாலு நிமிஷம் யோசிச்சாரு. மெழுக எடுத்தாரு, கீழ வச்சாரு, மறுபடி எடுத்தாரு. சபையே பாத்துச்சு. நான் "இன்னும் யோசிக்கிறார்"னு மூணு தடவை சொன்னேன்.

அப்புறம் திடீர்னு கை ஓட ஆரம்பிச்சுது. கத்திய எடுத்தாரு, சீவினாரு, குடைஞ்சாரு, தடவினாரு. எனக்கு உசிரே வந்துச்சு. கடைசியில மேஜை மேல ஒண்ண வச்சுட்டு எந்திரிச்சு, கும்பிட்டுட்டு இறங்கிட்டாரு. என்னன்னு பாத்தா... கடைவாய்ப் பல்லு. கீழ்க் கடைவாய்ப் பல்லு, ரெண்டு வேரோட, சுத்தபத்தமா, பாடப் புத்தகத்துல போடலாம். தலைவரு அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "இது எந்த ஆங்கிள்ல நான்?"ன்னு கேக்கறாரு. ஐயோ, அந்தச் சிரிப்பு. மைக்கு என் கையில இருந்துச்சா, என் மூச்சு மட்டும் தனியா எல்லாருக்கும் கேக்குது.

கார்ல வர்றப்ப எனக்கு வந்த ஆத்திரத்துல கத்திட்டேன். எங்க மானத்த வாங்கிட்டீங்க, அது இதுன்னு. அவரு, "கை அதைத்தான் செஞ்சுது மாப்ள, அதுக்குத் தெரிஞ்சது அதுதான்"ங்கறாரு. "அப்ப இருபது வருஷமா தினமும் செஞ்சீங்களே, அதெல்லாம் யாருக்காக?"ன்னேன். நான் ரோட்டப் பாத்து ஓட்டறேன், அவரு என்னையே பாத்துக்கிட்டு வர்றாரு. ஒரு சிக்னல் தாண்டினப்புறம் சொன்னாரு.

"யாருக்காகவும் இல்ல மாப்ள. அதான் நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். மறுநாள் வந்தாரு, செட்டு செஞ்சாரு, அஞ்சரைக்கு விளக்க அணைச்சாரு, வீட்டுக்குப் போயிட்டாரு. அதுக்கு மறுநாளும் அஞ்சரை. ஒரு மாசம் அப்படியே. நானும் எனக்கென்னன்னு இருந்தேன், சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் வீம்பு உண்டு. ஒரு நாள் வரல. விசாரிச்சா, ஊருக்கு அந்தக் கோடியில ஒரு லேப்ல சேந்துட்டாராம். பத்துப் பேரு வரிசையா உக்காந்து வேலை பாக்கற இடம். நல்லாச் சாத்தற கதவு இருக்கான்னு மட்டும் கேட்டாராம். இங்க சாத்தாத கதவ விடமாட்டேன்னவரு!

வீட்டுல இவங்க... கத்தியிருந்தாக்கூடத் தேவலை. சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டே, நூலைப் பல்லால கடிச்சுட்டு, ஏதோ மளிகை லிஸ்ட்டு சொல்ற மாதிரி சொன்னாங்க. "அண்ணனுக்குன்னு இருந்தது ஒரு அரை மணி நேரம். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க." அன்னைக்கு நின்ன பேச்சுதான். அப்புறம் உப்புதான்.

என்ன பாக்கறீங்க? ...ஆமா. நீங்க கேக்க நினைக்கறது புரியுது. அப்ப இந்தச் செட்ட யாரு பண்ணதுன்னுதானே? நான்தான். மறைச்சு என்ன ஆகப் போகுது. காலேஜுல ஒரு வருஷம் படிச்சேன்ல, பெரிய வித்தையான்னு நானே உக்காந்து பண்ணேன். முதல் தடவை தூக்கிக்கிச்சு. ரெண்டாவது தடவை ஆடுச்சு. வரிசையெல்லாம் ஜோரா இருந்துச்சு, அளவுகோல் வச்சு அடுக்கினேன். வாயிலதான் நிக்கல. மச்சானால வந்த வினைன்னேனே... சரி, விடுங்க. வினை யாருதுன்னு உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா.

அதனால இந்த அளவ அவருக்குத்தான் அனுப்பறேன். நேத்து போன் பண்ணினேன். எடுத்தாரு. "அச்ச அனுப்புங்க மாப்ள, டீச்சர் வாய் எனக்குத் தெரியும், பண்ணித் தர்றேன்"னாரு. எப்படிப்பட்ட மனுஷன் பாருங்க. மறுபடி இங்கயே வந்துடுங்களேன்னு கேட்டேன். அதுக்கு, "பெட்டி இருக்கா இன்னும்?"னாரு. இருக்குன்னேன். நல்லா வச்சிருக்கேன், தினமும் கழுத்து நிமித்தறேன்னேன். போன வச்சுட்டாரு. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

ஆனா இப்ப அஞ்சரைக்கு இங்க உக்காந்திருக்க முடியல டீச்சர். அந்த ரூம் கம்முனு இருக்கு. சுருதியில்லாத அந்தப் பாட்டக் கேக்காம காது வலிக்குது. வீட்டுல சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. சிரிச்சாக்கூடப் பரவாயில்லன்னு இப்பத் தோணுது...

கையில என்ன அது?

இல்ல, மறைக்காதீங்க, காட்டுங்க. பூனையா? தூங்கற பூனை! வால மூக்கு மேல போட்டுக்கிட்டு... காது கூட வச்சிருக்கீங்க. இவ்வளவு நேரம் நான் பேசப் பேச இதையா செஞ்சீங்க? டீச்சர், நீங்க சாதாரண ஆள் இல்ல. அசையாதீங்க. போன் எங்க வச்சேன்... ஒரே ஒரு போட்டோ. பெட்டியில நடுவுல இடம் இருக்கு, என் பொம்மை பக்கத்துல வச்சா எடுப்பா இருக்கும். கீழ ஒரு அட்டையில "நம்ம டீச்சர் கைவண்ணம்"னு எழுதி... கொஞ்சம் கைய இந்தப் பக்கம்...

ஏன் டீச்சர்?

ஏன் பிசைஞ்சுட்டீங்க? அய்யய்யோ, காதெல்லாம் போச்சு... கோவமாக்கூடப் பண்ணல. மெதுவா, என்னையே பாத்துக்கிட்டு...

கார்ல அவரும் இப்படித்தான் பாத்துக்கிட்டு வந்தாரு.

...சரி. போன உள்ள வச்சுட்டேன். பாருங்க, டிராயர்ல போட்டு மூடிட்டேன். அட, ட்ரே! மூணு நிமிஷம்னேன்ல, இருபது நிமிஷம் ஆயிருக்கும். கல்லு மாதிரி இறுகியிருக்கும். ஒரே இழு... ஆங். வந்துடுச்சு. வலிச்சுதா? சொல்லாதீங்க. இப்ப நீங்க பேசலாம், ஆனா வேணாம், பேசினா என்ன சொல்லுவீங்கன்னு எனக்கே தெரியும். அளவு நல்லா விழுந்திருக்கு. நான் பேசினதுல ஒரே லாபம் அதுதான்.

இதுல உடனே பிளாஸ்டர் ஊத்தணும். காய விட்டா சுருங்கிடும். பத்து நிமிஷம் ஆகும். அந்தத் தொட்டிகிட்ட, சுவத்தப் பாத்து நின்னுதான் ஊத்தணும். அதனால நான் திரும்பிக்கறேன். அந்த மெழுகு உங்ககிட்டயே இருக்கட்டும். வெந்நீர் பக்கத்துலயே இருக்கு, இறுகினா முக்கிக்கங்க. நான் பாக்கல. கலக்கிக்கிட்டிருக்கேன், சத்தம் கேக்குதுல்ல.

இந்தக் கண்ணாடி வேற, தொட்டிக்கு மேல மாட்டி வச்சது. இதுல உங்க கை தெரியுது. இருங்க. துண்டப் போட்டுட்டேன். இப்பத் தெரியல.

இந்த அச்ச நானே கொண்டு போய்க் கொடுக்கறேன் டீச்சர். கதவத் தட்டிட்டுப் போகணும். இருபத்திரண்டு வருஷத்துல இங்க இருக்கற அவரு கதவ நான் ஒரு நாள் கூடத் தட்டினதில்ல, தள்ளிட்டுத்தான் போயிருக்கேன். பெட்டிய எடுத்தாச்சுன்னு சொல்லணும். எடுத்துட்டுத்தான் சொல்லணும். பன்னெண்டு பேரையும் சட்டியில போட எனக்குத்தான் மனசு வராது, அவரு அசராமப் போட்டுடுவாரு. முடிஞ்சுதா?... இல்ல, கேக்கல. கேக்கவே இல்ல. பூனையா இன்னொண்ணான்னும் கேக்கல. நான் பாட்டுக்கு ஊத்தறேன். குமிழி வரக் கூடாது, தட்டித் தட்டி ஊத்தணும்...

நான் கொஞ்ச நேரம் பேசாம இருக்கேன்.

...

திரும்பலாமா டீச்சர்?

டீச்சர்?

போயிட்டாங்க. கதவு சத்தம் கூடக் கேக்கல. கழுத்துல கட்டின துணியோடயே போயிருக்காங்க. பல்செட்டு கிண்ணத்துலயே கிடக்கு. பல்லில்லாம ரோட்டுல போனாலும் பரவாயில்லன்னு போயிருக்காங்கன்னா, நான் எவ்வளவு பேசியிருப்பேன்.

மெழுக விட்டுட்டுப் போயிருக்காங்க. உருண்டையா உருட்டி, கிண்ணத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. இன்னும் சூடு இருக்கு. இந்தப் பத்து நிமிஷம் இது ஏதோ ஒண்ணா இருந்திருக்கு. என்னவா இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல. எனக்குத் தெரியணும்னு நெஞ்சு அடிச்சுக்குது, அவங்களுக்கு அந்த எண்ணமே இல்லாமப் போயிருக்காங்க.

சரி, சட்டியிலயே போட்டு வைக்கறேன். நாளைக்கு மெழுகு வேணும்ல.